ஒண்ணு பெரிசா, மைனஸ் ஒண்ணு பெரிசா?

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை கம்பைல் பண்றோம்! புரோகிராம் தப்பா ஓடினா நம்ம கோடைத்தான் சந்தேகப்படுவோம். கம்பைலரை? ம்ஹூம். இந்த நம்பிக்கை எங்கேயிருந்து வந்துச்சுன்னு நோண்டினப்போ கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு.

1978-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதின புத்தகம் வந்துச்சு. அடுத்த பத்து வருஷம் 'சி' மொழிக்கு அதுதான் வேதம். ஆனா அது சொல்லாம விட்ட இடங்களை ஒவ்வொரு கம்பைலரும் அதது இஷ்டத்துக்கு நிரப்பிக்கிச்சு.

ஒரு உதாரணம். 16 பிட் அன்சைன்ட் ஷார்ட்ல 1 இருக்கு. இன்ட் 32 பிட். இந்த 1, -1-ஐ விடப் பெரிசா? பள்ளிக்கூடப் பையன்கூட 'ஆமா'ம்பான். பழைய யூனிக்ஸ் கம்பைலர் 'இல்லை'ன்னுச்சு! ஒரு பக்கம் குறி இல்லாத எண் இருக்கறதால -1-ஐயும் அப்படியே மாத்திடும். அது 4294967295 ஆயிடும். வேற சில கம்பைலர்கள் 'ஆமா'ன்னுச்சு. ஒரே கோடு, ரெண்டு விடை. யார் மேல கேஸ் போடுறது?

1983-ல் அமெரிக்காவின் ஆன்சி அமைப்பு எக்ஸ்3ஜே11-ங்கற கமிட்டியைப் போட்டுச்சு. பஞ்சாயத்து முடிய ஆறு வருஷம். 1989 டிசம்பர்ல தரநிலைக்கு ஒப்புதல் கிடைச்சுது. நம்ம கேள்விக்குத் தீர்ப்பு: 'ஆமா'. 1990-ல் ஐஎஸ்ஓவும் ஏத்துக்கிச்சு.

சட்டம் வந்தா போலீஸ் வேணுமில்ல? பிளம் ஹால், பெரெனியல் மாதிரி கம்பெனிகள் சோதனைத் தொகுப்புகளை வித்தாங்க. விதி விதியா எடுத்து, அதுக்குன்னு குட்டிக் குட்டி புரோகிராம்கள். சரியான புரோகிராம் சரியா ஓடணும். விதியை மீறின புரோகிராமைக் குடுத்தா கம்பைலர் கத்தணும், கத்தலைன்னா ஃபெயில். இந்த ரெண்டாவது வகைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

சரி, சோதனை எழுதினவருக்குத் தோணாத மூலையில பக் இருந்தா? 1998-ல் வில்லியம் மெக்கீமன், டிஜிட்டல் நிறுவனத்தோட சஞ்சிகையில ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டரையே கண்டபடி புரோகிராம் எழுத விடு, பல கம்பைலர்கள்ல ஓட்டு. விடை மாறினா யாரோ ஒருத்தர் தப்பு.

அதே வழியில யூட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க 'சிஸ்மித்'னு ஒண்ணை எழுதி, 2011-ல் முடிவுகளை வெளியிட்டாங்க. மூணு வருஷத்துல 325-க்கும் மேல புது பக். சோதிச்ச ஒவ்வொரு கம்பைலரும் எங்கேயாவது ஓரிடத்துல சத்தமே போடாம தப்பான கோடு குடுத்திருந்துச்சு. பிரான்சில் சேவியர் லெராய் குழு எழுதின காம்ப்செர்ட்ல மட்டும், கணக்குப் போட்டு நிரூபிச்ச நடுப்பகுதியில தப்பான கோடு ஒண்ணுகூட சிக்கலை. அதுலயும் நிரூபிக்காத பகுதி மாட்டிக்கிச்சு!

ஆக, 'தேர்ச்சி'ன்னா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிடுச்சுன்னு அர்த்தம். கேட்காத கேள்விக்கு யாரும் உத்தரவாதம் தரலை. காரோட பிரேக்கை ஓட்டுற கோடும் ஏதோ ஒரு கம்பைலர் வழியாத்தான் வருது, மக்களே. அதனால முக்கியமான கோடை நான் ஆப்டிமைசேஷன் போட்டும் போடாமலும், முடிஞ்சா ரெண்டு கம்பைலர்லயும் ஓட்டிப் பார்க்கறேன். விடை மாறினா முதல்ல என் கோடைத்தான் பார்ப்பேன். அப்புறம் கம்பைலரையும் ஒரு பார்வை பார்ப்பேன்.