வாட்டர்ஃபோர்டின் வயல்கள்

பழைய ஊர்கள் எப்படித் தப்பிப் பிழைக்கின்றன? பெரும்பாலும் வறுமையால்தான். இடித்துக் கட்டப் பணமில்லாத ஊரில் பழைய சுவர்கள் அப்படியே நிற்கின்றன. செல்வம் வந்த பிறகு அவற்றைக் காப்பது எப்படி என்பதே கடினமான கேள்வி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லவுடன் கவுண்டியின் சிற்றூர்கள் இரண்டையும் கண்டவை.

அவற்றுள் முதன்மையானது வாட்டர்ஃபோர்டு. போரையும் ஆடம்பரத்தையும் மறுத்த குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் 1733 வாக்கில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து இங்கே குடியேறினர். ஆமாஸ் ஜேனி என்பவர் ஓடைக்கரையில் அமைத்த மாவு ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. மரக்கட்டை, கல், செங்கல் என்று மூவகை வீடுகளும் தெருவை ஒட்டியே நிற்கின்றன. சிலவற்றின் முகப்பில் செங்கலின் நீளப்பக்கமும் தலைப்பக்கமும் மாறி மாறி வரும் ‘ஃபிளெமிஷ் கட்டு’ முறையைக் காணலாம். அலங்காரம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய அவ்வளவுதான். அவர்களின் சமயம் சொன்ன எளிமையைச் சுவர்களும் கடைப்பிடித்தன.

1861ல் வர்ஜீனியா ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது, அடிமை முறையை வெறுத்த இவ்வூர் ஒன்றியத்தின் பக்கம் நின்றது. ஆலை உரிமையாளர் சாமுவேல் மீன்ஸ் 1862ல் ஒன்றியத்துக்காக ஒரு படையே திரட்டினார். ஆயினும் 1864 இறுதியில், எதிரியின் கெரில்லாப் படைக்கு உணவு கிடைக்கலாகாது என்று வந்த ஒன்றியப் படையினர், தம் ஆதரவாளர்களின் தானியக் கொட்டகைகளையும் சேர்த்தே எரித்தனர். போருக்குப் பின், 1867ல், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் குவேக்கர்களின் துணையோடு தம் பிள்ளைகளுக்கு ஓர் ஒற்றையறைப் பள்ளி கட்டினர். 1957 வரை வகுப்புகள் நடந்த அக்கட்டடம் இன்றும் இருக்கிறது. மாளிகைகளைவிட அந்த ஓர் அறை வரலாற்றை அதிகம் சொல்கிறது.

ரயில் பாதை வாட்டர்ஃபோர்டைத் தொடாமல் விலகிச் சென்றது. வணிகம் அதன் பின்னே போனது. ஊர் உறங்கியது, அதனாலேயே பிழைத்தது. 1943ல் ஊரைக் காக்க ஓர் அறக்கட்டளை தோன்றியது. 1970ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோது வீடுகளோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள விளைநிலங்களையும் சேர்த்து 1,420 ஏக்கரை உள்ளடக்கினார்கள். இதே கவுண்டியில் லிங்கன் என்ற சிற்றூரைச் சுற்றிய கூஸ் கிரீக் வரலாற்று வட்டாரமும் இவ்வாறே பண்ணைகளும் கல்வீடுகளும் அடங்கிய பெரும் நிலப்பரப்பு.

ஏன் வயல்கள்? ஆலைக்குக் கோதுமை தந்தவை அவை. தெரு முடிந்ததும் வயல் தொடங்கும் அந்த எல்லைக்கோடுதான் அந்த ஊரின் உருவம். அதை அழித்தால் எஞ்சுவது காட்சிப் பொருள்களாகச் சில வீடுகள் மட்டுமே.

இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. லவுடனின் மக்கள்தொகை 1960ல் 25 ஆயிரத்தைத் தொடவில்லை. 2020ல் 4 லட்சத்து 20 ஆயிரம். அதன் கிழக்குப் பகுதியான ஆஷ்பர்ன், உலகின் மாபெரும் தரவு மையத் திரள்களில் ஒன்று. தேசியச் சின்னம் என்ற பட்டம் மட்டும் தனியார் தம் நிலத்தில் கட்டுவதைத் தடுக்காது. உடைமையாளரே கட்டும் உரிமையை நிரந்தரமாகத் துறந்து எழுதித்தரும் பத்திரம் தடுக்கும். அல்லது நிலத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். 2003ல் ஊரை ஒட்டிய 144 ஏக்கர் பண்ணையொன்றில் வீடுகள் எழவிருந்த நிலையில், அறக்கட்டளை நிதி திரட்டி அதை வாங்கியது.

எதையும் கட்டாமல் விடுவதற்காக இத்தனை பாடு. நம் மொழியில் ‘ஊர்’ என்று சொல்லும்போது வீட்டோடு வயலும் குளமும் சேர்ந்தே மனதில் எழுகின்றன. லவுடன்காரர்கள் பத்திரம் எழுதிக் காக்க முனைவதும் அதைத்தான்.