கட்டணம் கட்டியாச்சு, படிக்கட்டு?

கல்வி உதவித்தொகை என்றால் பணம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இந்த வரலாற்றைப் படித்தபின் அந்த எண்ணம் மாறிவிட்டது.

1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 'ஜி.ஐ. பில்' சட்டத்தில் கையெழுத்திட்டார். போரிலிருந்து திரும்பிய வீரர் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசே கட்டும். மாதச் செலவுக்கும் பணம் உண்டு. 1956-க்குள் சுமார் 22 லட்சம் பேர் இப்படிக் கல்லூரிக்குப் போனார்கள்.

சரி, முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் திரும்பியவர் என்ன செய்வார்? கட்டணம் கட்டியாகிவிட்டது. வகுப்பறை வாசலில் உள்ள படிகளில் எப்படி ஏறுவார்?

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பர்க் வளாகம் முன்பு ராணுவ மருத்துவமனையாக இருந்த இடம். அங்கே 1948-ல் டிம் நுஜென்ட் என்பவர் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அவரும் முன்னாள் ராணுவ வீரர்தான். மறு ஆண்டே வளாகத்தை மூட முடிவானது. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சக்கர நாற்காலிகளோடு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே போய்ப் போராடினார்கள். கடைசியில் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் திட்டத்துக்கு இடம் கிடைத்தது.

அங்கே கட்டடங்களுக்குச் சாய்தளம் வந்தது. சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் பஸ் வந்தது. பிசியோதெரபி, கூடைப்பந்து அணி என்று உடம்புக்கும் மனசுக்கும் வழி பிறந்தது. 1961-ல் அமெரிக்காவில் இதற்கான முதல் கட்டட விதிமுறை வெளிவந்தபோது, அதன் ஆய்வை நடத்தியவரும் நுஜென்ட்தான்.

காமர்ஸ் மாணவனாக ஒன்று சொல்கிறேன். பணம் ஒதுக்குவது பாதி வேலை. அது ஆளிடம் போய்ச் சேரப் பாதை போடுவதுதான் மீதி. நம் கல்லூரி நூலகத்துக்கு எத்தனை படி? நாளை எண்ணிப் பாருங்களேன்.