திறந்த குப்பியின் ஆயுள்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் போர்க்கப்பல்களை எண்ணுவது வழக்கம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மாறிமாறிக் கடற்படைகள் வந்துபோன துறை அது. ஆனால் அந்த மாவட்டத்து மக்களின் அன்றாட வரலாறு சிறு படகுகளில் நடந்தது. மூதூருக்குக் கொட்டியாரக்குடாவைக் கடக்க வேண்டியிருந்தது. 2009 அக்டோபரில் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குப் 'பாதை' என்னும் மிதவையில் ஏற வேண்டும். இத்தகைய மண்ணில் ஓர் ஊசிமருந்துக் குப்பியைத் திறந்தபின் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது வெறும் மருத்துவக் கேள்வியன்று. எத்தனை பிள்ளைகளுக்கு மருந்து கிட்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

குப்பியின்மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி திறவாத குப்பிக்கு மட்டுமே உரியது. முதல் ஊசி இறப்பர் மூடியைத் துளைத்த கணத்திலிருந்து வேறொரு கணக்குத் தொடங்குகிறது. அந்தக் கணக்கை மனிதகுலம் மரணங்களின் வழியாகவே கற்றது.

1902 அக்டோபர் 30 அன்று, பஞ்சாபின் முல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்குக் கொள்ளைநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ஏற்புவலி கண்டு மாண்டனர். மருந்தை உருவாக்கிய வால்டெமர் ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். குப்பியைத் திறந்த உதவியாளர் தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரத் தூய்மை செய்யாமலே பயன்படுத்தினார் என்பது பின்னர் வெளிவந்தது. ரொனால்ட் ரோஸ் முதலான அறிஞர்கள் வாதாடிய பிறகு, 1907இல் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது.

அடுத்த பாடம் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் கிடைத்தது. 1928 ஜனவரி 27 அன்று 21 பிள்ளைகளுக்குத் தொண்டைக்கரப்பான் தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது; 12 பிள்ளைகள் இறந்தனர். அந்தக் குப்பி 10 நாள்களுக்கு முன்பே திறக்கப்பட்டுப் பலமுறை பயன்பட்டது. அதில் கிருமித்தடைப் பொருள் இல்லை; கோடை வெப்பத்தில் குளிர்ப்பெட்டிக்கு வெளியே இருந்தது. உள்ளே புகுந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி பெருகிவிட்டது. சார்ல்ஸ் கெல்லவே தலைமையிலான விசாரணைக்குழு, பலமுறை பயன்படும் குப்பியில் கிருமி வளர வாய்ப்புண்டானால் கிருமித்தடைப் பொருள் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது.

28 நாள் என்னும் இன்றைய வரம்பும் இதே வழியில் வந்ததுதான். ஆய்வகத்தில் மருந்துக்குள் நுண்ணுயிர்களை வேண்டுமென்றே விட்டு, கிருமித்தடைப் பொருள் 28 நாள்வரை அவற்றை அடக்குகிறதா எனச் சோதிப்பார்கள். 29ஆம் நாள் மருந்து நஞ்சாகிவிடும் என்பது இதன் பொருளன்று. அதற்குமேல் உறுதி கூற எவருமில்லை என்பதே.

உலக சுகாதார நிறுவனம் 1995இல் வகுத்து, 2000இலும் 2014இலும் திருத்திய நெறிமுறையில் இரு பிரிவுகள் உண்டு. கிருமித்தடைப் பொருள் கொண்ட முக்கூட்டு, ஏற்புவலித் தடுப்பூசி போன்றவற்றை, குளிர்நிலை குன்றாதிருந்தால், திறந்தபின் 28 நாள்வரை பயன்படுத்தலாம். தூளாக வந்து நீரில் கலக்கப்படும் சின்னமுத்து, பிசிஜி மருந்துகளை 6 மணி நேரத்திலோ அன்றைய மருத்துவ அமர்வு முடிந்ததுமோ, எது முந்தியதோ அப்போதே எறிந்துவிட வேண்டும். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மற்றொரு நிபந்தனையும் இருந்தது: திறந்த குப்பியின் மூடி நீரில் மூழ்கியிருக்கக் கூடாது. அதன்படி, படகில் வந்த பெட்டியில் பனிக்கட்டி உருகித் தேங்கிய நீரில் குப்பி கிடந்திருந்தால் அந்தச் சலுகை இல்லாமற்போனது.

இலங்கையில் சின்னமுத்துத் தடுப்பூசி 1984இல் வந்தது. பின்னர் கிழக்கில் போர் நீண்டது. வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ ஒரே பிள்ளை வந்திருக்கும் நாளில், பலருக்கான குப்பியைத் திறப்பதா? திறந்தால் மிச்ச மருந்து வீண். திறக்காவிட்டால் அந்தத் தாய் திரும்பிப் போவாள். மறுமுறை வழி திறந்திருக்குமா என்பது யாருக்குத் தெரியும்? நெறிமுறையின் விடை தெளிவானது: திற, போடு, மிச்சத்தை எறி. மருந்தை மீண்டும் வாங்கலாம். இலங்கையில் சின்னமுத்து ஒழிந்ததாக 2019இல் அறிவிக்கப்பட்டது; 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. விடுபட்ட பிள்ளைகளைத்தான் அந்நோய் தேடி வரும்.

வாசகர் பலரின் வீட்டிலும் இன்று ஒரு திறந்த குப்பி இருக்கிறது. அது இன்சுலின். வகைக்கேற்பத் திறந்தபின் பெரும்பாலும் 28 முதல் 42 நாள்வரை அதன் ஆயுள். அதுவும் 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில். திருகோணமலையின் ஆடி மாதப் பகல் அவ்வரம்பை எளிதில் தாண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமான மண்பானை ஓரளவு கைகொடுக்கும். குப்பியோடு வரும் தாளைப் படியுங்கள். திறந்த நாளைக் குப்பியின்மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.