வீடியோச் சுருக்க வடிவங்கள்

வீடியோக் கோப்பின் அளவைக் குறைத்துச் சேமிக்கும் கணக்கு முறைகள். எம்பெக்-1, எம்பெக்-2, எச்.264, எச்.265, ஏவி1 ஆகியவை வெவ்வேறு காலங்களில் பரவலானவை. இவற்றின் தராதரம் பார்க்கச் செட்டிநாட்டுக் கல்யாண வீடியோவைவிட நல்ல சோதனை கிடையாது. வலையபட்டியிலோ காரைக்குடியிலோ ஒரு வளவில் எடுத்த படத்தில் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் அசைவதில்லை. முந்தைய சட்டத்தில் (ஃப்ரேமில்) இருந்ததையே எடுத்துக்கொள்ளலாம், செலவு குறைவு. திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் கெட்டிமேளம் கொட்டி அட்சதை பறந்தால் கதை வேறு. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் போகிறது. பிட் போதாமல் மாப்பிள்ளை முகம் கட்டங்கட்டமாக உடைகிறது.

எம்பெக்-1, எம்பெக்-2 இரண்டிலும் அந்தக் கட்டம் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்டது. கட்டத்துக்குள் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட வழிசெய்த கொசைன் உருமாற்றம் 1974 ஜனவரியில் வெளிவந்தது. எழுதியவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ். இந்த ஆய்வுக்காக 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அகமது கேட்ட நிதி கிடைக்கவில்லை. மேலே சொன்ன வடிவங்கள் எல்லாம் இந்த உருமாற்றத்தையோ அதன் வழிவந்ததையோதான் நம்பியிருக்கின்றன.

1993இல் வந்த விசிடி எம்பெக்-1 வடிவம். 352×288 புள்ளிப் படம், நொடிக்கு 25 சட்டம். சுருக்காவிட்டால் நொடிக்குச் சுமார் 30 மெகாபிட். விசிடி அதை 1.15 மெகாபிட்டில் அடைத்தது. ஒரு தட்டில் 74 நிமிடம். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு. ‘திருட்டு விசிடி’ பேச்சுவழக்கில் ஊறிப்போய், 2004இல் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்துக்குள்ளும் வீடியோத் திருட்டு சேர்க்கப்பட்டது. விசிடியின் உண்மையான குறை தெளிவின்மைகூட அல்ல. தூணுக்கும் அட்சதைக்கும் ஒரே பிட் அளவு ஒதுக்கியதுதான்.

டிவிடியின் எம்பெக்-2 அதை மாற்றியது. அசையாத காட்சியில் மிச்சம் பிடித்து, தேவைப்படும்போது நொடிக்கு 9.8 மெகாபிட் வரை செலவழிக்கலாம். வீடியோக்காரர்களின் மினிடிவி டேப் இன்னும் தாராளம்: ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே சுருக்கி நொடிக்கு 25 மெகாபிட், ஒலியும் சேர்த்து மணிக்குச் சுமார் 13 ஜிபி. அதில் அட்சதை சுத்தமாகவே விழுந்தது. ஆனால் வீட்டுக்குப் போனது தட்டு; டேப்பின் மேல் அடுத்த கல்யாணம் பதிவாகிவிட்டதும் உண்டு.

2003இல் வந்த எச்.264, எம்பெக்-2வின் ஏறக்குறையப் பாதி அளவில் அதே தரத்தைத் தந்தது. கட்டங்களின் விளிம்பை மழுப்பும் வடிகட்டியும் அதில் உண்டு. 2013இன் எச்.265, ஒரே அலகாகக் கையாளும் கட்டத்தை 64×64 வரை பெரிதாக்கி அளவை மறுபடி ஏறத்தாழப் பாதியாக்கியது. காப்புரிமைக் கட்டணச் சிக்கலில் அது தடுமாற, 2018இல் கட்டணமில்லாத ஏவி1 வந்தது. சுருக்க நேரம் பிடிக்கும் என்பது அதன் தொல்லை. ‘பாதி அளவு’ என்பதெல்லாம் சராசரிக் கணக்கு. அட்சதைக் காட்சியில் இலாபம் குறையும்.

பழைய விசிடியை ஏவி1க்கு மாற்றினால் உடைந்த முகம் திரும்பாது. புதிய முறை அந்தக் கட்டங்களையும் படம் என்றே எண்ணி அவற்றுக்கும் பிட் செலவழிக்கும். தட்டிலுள்ள ‘டேட்’ (.dat) வீடியோக் கோப்பை மாற்றாமல் அப்படியே ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்தால், இருக்கிற தரம் அதே அளவில் நிற்கும்.