தண்டவாளம் போனபின்

திருச்சிராப்பள்ளிப் புத்தூரில் உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரைமீது நடப்பவர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய வழியொன்றில் நடக்கிறார். முதலாம் இராசராச சோழன் (985–1014) காலத்ததாகக் கருதப்படும் இவ்வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. கோரையாற்று வெள்ளம் புத்தூர்ப் பகுதியில் இதனைச் சந்தித்து, குடமுருட்டி வழியே காவிரிக்கு வடிகிறது. நகரத்தின் கழிவுநீர் கலந்து அது இன்று நொந்து கிடப்பினும், வாய்க்கால் தன் வழியை இழக்கவில்லை.

இதற்குக் காரணம் எளிது. வாய்க்கால் இடையில் ஒரு முழம் துண்டுபட்டாலும் கடைமடைக்கு நீர் சேராது. தலைமடையில் இருப்பவனும் கடைமடையில் இருப்பவனும் ஒரே கரையை நம்பி வாழ்ந்தனர். சோழரும் பாண்டியரும் நாயக்கரும் ஆர்க்காட்டு நவாபும் கும்பினியாரும் மாறிமாறி ஆண்டபோதும் கரை காக்கப்பட்டது. முழுமையாக இருந்தாலன்றி அது எவருக்கும் பயன்படாது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

இருப்புப்பாதையின் இயல்பும் இதுவே. நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய அகலப்பாதை 1862இல் திருச்சிராப்பள்ளியை எட்டியது. 1870களில் அது மீட்டர்ப் பாதையாகக் குறுகியது. பின்னர் மீண்டும் அகலப்பாதையாக விரிந்தது. தண்டவாளமும் இஞ்சினும் மாறின. கம்பெனி மறைந்து அரசு வந்தது. ஆயினும் மண்ணை நிரப்பி மேடாக்கி, வாய்க்கால்தோறும் பாலமிட்டு, முன்னோர் வகுத்த தடம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. இரயில் பாதையில் விலையுயர்ந்தது இரும்பன்று. இடையறாத அந்த நிலமே என்பதற்கு இதுவே சான்று.

இவ்வுண்மையை மறந்ததால் நேர்ந்த இழப்புக்கும் காவிரிப் படுகையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்ற பாதை 1926இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1620இல் டேனியர் கோட்டை கட்டிய கடற்கரைக்கு, வயல்களையும் வாய்க்கால்களையும் கடந்து சென்ற அவ்வண்டி அறுபது ஆண்டுகளே ஓடியது. பேருந்துகள் பெருகின, பாதையில் நட்டம் என்றனர், 1986இல் வண்டியை நிறுத்தினர். தண்டவாளம் பெயர்க்கப்பட்டபின், எஞ்சிய மண்மேட்டை யார் காப்பது என்ற கேள்விக்கு மட்டும் விடையில்லை. மீண்டும் இரயில் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வட்டாரத்தில் இன்றுவரை எழுந்துகொண்டே இருக்கிறது.

அது வீண் கனவு என்று ஒதுக்குவதற்கில்லை. நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை 1976இல் மூடப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2011இல், மன்னார்குடிக்கு மறுபடியும் இரயில் வந்தது. தடம் மீட்கத்தக்கதாக இருந்ததால்தான் அது கைகூடியது. இடையிடையே வீடும் கடையும் எழுந்து துண்டுதுண்டாகிவிட்ட ஒரு வழியை எந்த அரசாலும் எளிதில் ஒட்டவைக்க இயலாது. பத்து ஊர்களில் நிலம் காத்தும் பதினோராவது ஊரில் கைவிட்டால், காத்ததும் வீணே.

பிற நாட்டார் இதற்கொரு வழி கண்டனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், எல்ராய்–ஸ்பார்ட்டா ஊர்களுக்கிடையே கைவிடப்பட்ட 32 மைல் இரயில் பாதையை அம்மாநில அரசு 1965இல் வாங்கி, நடப்பவருக்கும் மிதிவண்டியாளருக்கும் உரியதாக்கியது. இரயில் ஏறத்தக்க மெல்லிய சாய்வாதலால், முதியோரும் சிறுவரும் மூச்சிரைக்காமல் அதில் நடக்கலாம். 1983இல் அந்நாடு இயற்றிய சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது: இரயில் ஓடாத பாதையைத் துண்டாடாமல் நடைவழியாகக் காத்து, பின்னொரு நாள் தேவை நேர்ந்தால் மீண்டும் தண்டவாளம் இடலாம் என்றது. நடப்பவர்களே அங்கே தடத்தின் காவலர்.

நம் நாட்டில் ஒரு பாதை மூடப்படும்போது, இரும்புக்கு விலை பேசுகிறோம், நிலத்தை மறக்கிறோம். அவ்வாறன்றி, மூடப்படும் ஒவ்வொரு தடமும் பொதுச்சொத்தாகவே நீடிக்க வேண்டும். எல்லைக்கல் நட்டு, இருமருங்கும் வேம்பும் புங்கமும் வளர்த்து, மக்கள் நடக்கத் திறந்துவிட வேண்டும். நாள்தோறும் ஊரார் நடக்கும் வழியில் ஒருவன் சுவரெழுப்பினால் ஊரே கேட்கும்; ஆளரவமற்ற மேட்டை அவன் வளைத்துக்கொண்டால் கேட்பாரில்லை. மீண்டும் இரயில் வரின் அது அவ்வழியே வரட்டும். வராவிடினும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் வயலுக்குச் செல்லும் உழவனுக்கும் அது வழியாகவே இருக்கட்டும்.