பயன்படுத்திய வரைகலை அட்டை

பயன்படுத்திய வரைகலை அட்டை என்பது ஒருவர் பயன்படுத்திய பின்னர் மறுவிற்பனைக்கு வரும் கணினி வன்பொருள் ஆகும். வரைகலைச் செயலி, அதனைச் சூழ்ந்த நினைவகச் சில்லுகள், மின்னழுத்தச் சீராக்கிச் சுற்று, வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடு, விசிறி ஆகியன இதன் முக்கிய உறுப்புகள். விலை குறைவு என்பதால் மாணவர்கள் இதனை நாடுகின்றனர். எனினும் பழுதான அட்டை அனைத்தும் சரிசெய்யத்தக்கது அன்று. எந்த உறுப்பு பழுதடைந்தது என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது.

சந்தை

தமிழ்நாட்டில் கணினி உதிரிப்பாகங்களுக்கும் பழுதுநீக்கத்துக்கும் பெயர்பெற்ற இடம் சென்னை அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சி தெரு ஆகும். வேலூர், ஆம்பூர் போன்ற தோல் தொழில் நகரங்களிலிருந்து அங்கு சென்று வாங்குவோருக்குத் தொலைவு ஒரு சிக்கல். ஆம்பூர் ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவில் உள்ளதால், இயங்காத அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் செலவாகும். எனவே வாங்கும் இடத்திலேயே சோதித்தல் இன்றியமையாதது.

2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்னும் எண்ணிம நாணயம், வரைகலை அட்டைகளால் அகழும் முறையைக் கைவிட்டது. அதன் பின்னர் அகழ்வுக்குப் பயன்பட்ட அட்டைகள் உலகெங்கும் மறுவிற்பனைக்கு வந்தன. இரவு பகலாக இயங்கிய இவற்றில் விசிறி தேய்ந்தும் வெப்பப் பசை உலர்ந்தும் இருக்கக்கூடும்.

வாங்குமுன் சோதனை

* பலகையில் கருகிய இடம், உப்பிய மின்தேக்கி, துரு ஆகியன உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.
* 2010 ஆம் ஆண்டின் ஜி.டி.எஸ். 450 போன்ற பழைய சில்லுகளின் நிலைபொருளை மாற்றி, 1050 டி.ஐ. எனப் போலியாக விற்பதுண்டு. ஜி.பி.யு.-இசட் மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளைச் சுட்டிக்காட்டுகின்றது.
* ஃபர்மார்க் போன்ற சுமைச் சோதனையைக் கால் மணி நேரமாவது ஓட்டி, வெப்பநிலையையும் திரையையும் கவனிக்க வேண்டும். வேலூர்ப் பகுதியின் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதால், குளிரூட்டப்பட்ட கடையில் தேறிய அட்டை வீட்டில் கூடுதலாகச் சூடாகும்.

பழுதுகளும் பழுதுநீக்கமும்

விசிறி மாற்றுதல், தூசி அகற்றுதல், வெப்பப் பசை மாற்றுதல் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். அட்டையைக் கழற்றி, 12 வோல்ட் இணைப்புக்கும் நிலத்துக்கும் இடையே பன்னோக்குமானியால் அளக்கையில் மின்தடை சுழியத்தை ஒட்டியிருந்தால், குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது எனலாம். பழுதான மின்தேக்கி அல்லது திரிதடையத்தை மாற்றினால் இது பெரும்பாலும் சரியாகும். செயலிக்கு மின்சாரம் தரும் தடத்தில் மின்தடை இயல்பாகவே மிகக் குறைவு என்பதால் அதனைப் பழுது எனக் கொள்ளலாகாது.

திரையில் கட்டங்களும் கோடுகளும் தோன்றுவது பெரும்பாலும் நினைவகச் சில்லின் பழுதைக் குறிக்கும். இதனை மாற்ற வெப்பக்காற்றுக் கருவியும் பயிற்சியும் தேவை. செயலியே பழுதானால், பழுதுநீக்கச் செலவு அட்டையின் விலையை மிஞ்சக்கூடும்.

அடுப்பில் சூடாக்கும் முறை

இயங்காத அட்டையை மின்னடுப்பில் ஏறத்தாழ 200 பாகையில் சூடாக்கினால் மீண்டும் இயங்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுக்குப் பின் பரவிய ஈயமற்ற பற்றாசு ஏறத்தாழ 217 பாகையிலேயே உருகத் தொடங்கும். எனவே இம்முறையில் பற்றாசு உருகுவதே இல்லை. செயலிச் சில்லுக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையே விரிசலுற்ற நுண்ணிணைப்புகள் வெப்பத்தால் விரிந்து தற்காலிகமாகத் தொடுகின்றன. சில நாட்களிலோ வாரங்களிலோ பழுது திரும்பும். 2008 சூலையில் என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதியப் பொருளில் குறை இருப்பதாக அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. இவ்வாறு சூடாக்கி விற்கப்படும் அட்டையைக் கண்டறிய நீண்ட சுமைச் சோதனையே வழி. உணவு சமைக்கும் அடுப்பில் இதனைச் செய்வது உடல்நலத்துக்கும் தீங்கானது.

கழிவு

சரிசெய்ய இயலாத அட்டை மின்னணுக் கழிவாகும். இதனை எரிப்பதால் நச்சுப்புகை வெளியேறும். தோல் பதனிடும் கழிவுநீரால் பாலாறு மாசுற்றது குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று 1996 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளும் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. பயனர் தம் அட்டையைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்தால்தான் இவ்விதி பயன்தரும்.