டிரம்பெட் வாங்கப் போறீங்களா? லாக்கரா, வெள்ளி முலாமா... டெல்டாவுக்கு எது செட் ஆகும்?

நன்னிலம், குடவாசல் பக்கம் கல்யாண ஊர்வலம், தேர்த் திருவிழா, சாவு வீடு என எல்லாவற்றிலும் பேண்டு செட் வாசிப்பவர்களைப் பார்க்கலாம். கடன் வாங்கி முதல் டிரம்பெட் எடுக்கும் இளைஞரிடம் கடைக்காரர் கேட்பது, "கோல்டா, சில்வரா?" கலர் பார்த்துப் பதில் சொன்னால், இரண்டு மழைக்காலத்திலேயே பளபளப்பு போய்விடலாம்.

'கோல்டு'ன்னா தங்கமா?

இல்லை. டிரம்பெட்டின் உடல் பித்தளை. அதன் மேல் வார்னிஷ் மாதிரி பூசும் நிறமற்ற அல்லது பொன்னிறப் பூச்சுதான் லாக்கர். காற்றும் வியர்வையும் பித்தளையைத் தொடாமல் தடுப்பதே அதன் வேலை. 'கோல்டு பிராஸ்' என்பது வேறு விஷயம். அது செம்பு சுமார் 85 சதவீதம் உள்ள பித்தளை. மஞ்சள் பித்தளையில் சுமார் 70 சதவீதம்தான். பில்லில் எது எழுதியிருக்குன்னு பாருங்க.

லாக்கருக்கு நம்ம ஊரில் பெரிய எதிரி மழை இல்லை, புளி! நாச்சியார்கோவில் குத்துவிளக்கைத் தேய்க்கிற பழக்கத்தில் டிரம்பெட்டையும் புளி, சாம்பல், பித்தளை பாலிஷ் என்று தேய்த்துவிடுகிறோம். பூச்சு உரிந்த இடத்தில் வியர்வை உப்பு இறங்கி, திட்டுத் திட்டாகக் கறுக்கும். வாசித்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். இடது கை பிடிக்கும் இடம்தான் முதலில் போகும், அங்கே தோல் உறை மாட்டிக்கலாம்.

வெள்ளி முலாம் எப்படி?

விலை கூடுதல். ஆனால் கைவியர்வையை லாக்கரைவிட நன்றாகத் தாங்கும். கொலுசு கறுப்பது போல இதுவும் கறுக்கும். காரணம் காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள். திருவிழா வெடிப்புகைக்கு நடுவே வாசிப்பவர்களுக்கு இது சீக்கிரமே தெரியும். கறுத்தாலும் துடைத்தால் பளபளப்பு திரும்பும், உரிந்த லாக்கர் திரும்பாது. அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் முலாமும் தேய்ந்துபோகும். வாரம் நாலு ஊர், நாகூர், வேளாங்கண்ணி கடற்காற்று என்று அலைகிறவர் என்றால் வெள்ளிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பதே நம்ம கணக்கு.

நிக்கல் முலாம் கடினமானது, ஆனால் வியர்த்த கையில் வழுக்கும். கவரிங் தோடு போட்டால் காது அரிப்பவர்கள் தவிர்த்துவிடுவது நல்லது. பூச்சே இல்லாத பித்தளை என்றால் தினமும் துடைக்கணும், இல்லாவிட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

சத்தம் மாறுமா?

வாசிப்பவர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. யமஹா தன் ஆரம்பநிலை 2330 மாடலை லாக்கரிலும் வெள்ளியிலும் விற்கிறது. வித்தியாசம் இருந்தாலும் ஊர்வலத்தில், தவில், டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவில் யாருக்கும் கேட்காது. அந்தப் பணத்தை வால்வு நன்றாக ஓடும் கருவிக்குப் போடுங்க.

செகண்ட் ஹேண்டா?

பழைய டிரம்பெட் புதுசு போல மின்னினால்தான் சந்தேகப்படணும். மறுபடி லாக்கர் அடிப்பதற்கு முன் பித்தளையை மெஷினில் தேய்ப்பார்கள், அதில் தகடு மெலிந்துவிடும். பொறித்த எழுத்து மழுங்கியிருந்தால் அதுதான் அடையாளம். லாக்கருக்கு அடியில் செம்புள்ளி தெரிந்தால் பித்தளையில் துத்தநாகம் அரித்துப்போகிறது என்று அர்த்தம், குழாய்க்குள்ளும் பரவியிருக்கலாம். மீரட்டின் ஜாலி கோத்தியில் செய்ததாக இருந்தாலும் வெளிநாட்டு பிராண்டாக இருந்தாலும் இந்தச் சோதனை ஒன்றுதான்.

உதட்டில் வைக்கும் மவுத்பீஸை மட்டும் தனியாகப் பாருங்க. வெள்ளி முலாம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், பேரம் பேசாமல் புதுசு வாங்கிடுங்க.